வாள் கிடைத்தது, ஏடு கிடைத்ததா?



சண்டைப் படம் என்றதும் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? வீட்டு ஆண்பிள்ளைகள் கூடத்தில் சட்டமாக உட்கார்ந்து ஒரு ஹாங்காங் படத்தைப் போட்டதுமே, "உங்கள் உதையும் குத்தும் உங்களோடு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்கோ, பாதியில் விட்ட தொடர்கதைக்கோ போய்விடுகிறோம். இந்த வாரம் அப்படி எழுந்து போகிறவர்களைக் கையைப் பிடித்து உட்கார வைக்கலாம் என்று உத்தேசம்.

காரணம் இருக்கிறது. 1960-களின் முற்பகுதியில் ஹாங்காங் படவுலகில் கொடி கட்டிப் பறந்தவர்கள் பெண்கள். சுவரொட்டியில் பெரிய எழுத்தில் வந்தது கதாநாயகியின் பெயர். கொட்டகையில் கைக்குட்டையும் கண்ணீருமாக உட்கார்ந்திருந்தவர்களிலும் பெண்களே அதிகம். அந்த மண்ணிலிருந்துதான் வாள்சண்டைப் படம் புது உருவில் முளைத்தது. அதில் காதல் உண்டு, கத்தி உண்டு. இரண்டுக்கும் அடியில் வேறொரு விஷயமும் உண்டு. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஆறும் ஏரியும்

சீனர்கள் இந்த வகைக் கதைகளை 'வூஷியா' என்கிறார்கள். 'வூ' என்றால் போர்க்கலை. 'ஷியா' என்றால் அநியாயத்தைக் கண்டு பொறுக்காமல் எளியவர்களுக்காக வாளெடுப்பவர். ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். இவர்கள் உலவுகிற உலகத்துக்கு 'ஜியாங்ஹூ' என்று பெயர். பதத்துக்குப் பதம் பொருள் சொன்னால் 'ஆறும் ஏரியும்'. சத்திரம், மடம், காட்டுப் பாதை, கொள்ளையர் கோட்டை, இவைதான் அந்த உலகம். சர்க்கார் சட்டம் அங்கே செல்லாது. கொடுத்த வாக்கு செல்லும். குருவின் சொல் செல்லும். பட்ட கடனும் பழியும் தலைமுறை தாண்டியும் செல்லும்.

அந்த உலகத்தில் ஒரு பெண் வாளோடு நடந்து போனால் யாரும் மூக்கில் விரலை வைப்பதில்லை. "வயசு வந்த பெண் இந்த வேளையில் எங்கே கிளம்பிவிட்டாள்?" என்று எட்டிப் பார்க்க அங்கே அடுத்த வீட்டு மாமி கிடையாது. இந்தக் கதைகளில் பெண்களுக்கு முதலில் பிடித்துப் போனது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொடர்கதை ரசிகைகளாகிய உங்களுக்கு இன்னொரு செய்தியும் பிடிக்கும். இந்தக் கதைகள் பலவும் தினசரிப் பத்திரிகைகளில் தொடர்கதைகளாக வந்தவை. ஹாங்காங்கில் ஜின் யோங் என்ற புனைபெயரில் எழுதியவர் 1959-ஆம் வருஷம் 'மிங் பாவ்' என்ற தினசரியைத் தொடங்கினார். முதல் இதழிலேயே தம்முடைய புதுத் தொடர்கதையையும் ஆரம்பித்துவிட்டார். பத்திரிகை காலூன்ற அந்தக் கதை பெருந்துணையாக இருந்தது. கதை என்ன தெரியுமா? யாங் குவோ என்ற அநாதைப் பையனுக்கு வித்தை சொல்லிக் கொடுக்கிறாள் ஒரு பெண் குரு. அவளைச் 'சின்ன நாகநங்கை' என்று அழைப்பார்கள். குருவுக்கும் சீடனுக்கும் காதல் பிறக்கிறது. குருவைச் சீடன் மணப்பதாவது என்று உலகம் காறித் துப்புகிறது. இருவரும் பிரிகிறார்கள். மறுபடி சந்திக்க 16 வருஷம் ஆகிறது. "இதன் தொடர்ச்சி நாளை" என்று படித்துவிட்டு எத்தனை வீடுகளில் பெருமூச்சு விட்டிருப்பார்கள்!

இதில் கவனியுங்கள்: வித்தை பெண்ணின் கையில் இருக்கிறது, ஆண் அவளிடம் கற்றுக்கொள்கிறான். இதை ஒரு மூலையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவிழ்ப்போம்.

ஆண் வேஷத்தில் ஒரு மாணவி

ஹாங்காங்கின் பெரிய படக் கம்பெனி ஷா சகோதரர்களுடையது. ஷாங்காயில் 1925-இல் படத்தொழிலைத் தொடங்கி, சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தியேட்டர்களைக் கட்டி, அங்கே மலாய்ப் படம் எடுக்க இந்தியாவிலிருந்து டைரக்டர்களையும் வரவழைத்த குடும்பம் அது. தம்பி ரன் ரன் ஷா ஹாங்காங்கின் கிளியர்வாட்டர் பே கரையில் மாபெரும் ஸ்டூடியோ ஒன்றை 1961-இல் திறந்தார். ஒப்பந்தத்தில் இருந்த நடிகர் நடிகையரில் பலர் அங்கேயே விடுதியில் தங்கி வேலை செய்தார்கள்.

அந்த ஸ்டூடியோவிலிருந்து 1963-இல் ஒரு காதல் படம் வந்தது. ஆங்கிலத்தில் 'தி லவ் இடர்ன்' என்று பெயர். லீ ஹான்-ஸியாங் டைரக்ட் செய்தார். ஹுவாங்மெய் என்ற நாட்டுப்புற இசை நாடகப் பாணியில் பாட்டாலேயே கதை சொல்லும் படம். சீன தேசத்தில் குழந்தைக்கும் தெரிந்த பழங்கதை அது. ஜூ யிங்டாய் என்ற பணக்கார வீட்டுப் பெண்ணுக்குப் படிப்பின்மேல் ஆசை. பெண்களுக்குப் பாடசாலையில் இடமில்லை. அடம் பிடித்துத் தகப்பனாரைச் சம்மதிக்க வைத்து, ஆண் வேஷம் போட்டுக்கொண்டு ஹாங்சௌ நகரத்துக்குப் படிக்கப் போகிறாள். அங்கே லியாங் ஷான்போ என்ற மாணவனோடு சிநேகம். மூன்று வருஷம் ஒரே இடத்தில் படித்தும் அந்த அப்பாவிக்குத் தன் நண்பன் ஒரு பெண் என்று தெரியவில்லை!

ஊர் திரும்பும் வழியெல்லாம் அவள் ஜாடை ஜாடையாகச் சொல்லிப் பார்க்கிறாள். ஜோடி வாத்தைக் காட்டுகிறாள், கிணற்று நீரில் இருவர் நிழலைக் காட்டுகிறாள். அவனோ "தம்பி, உனக்கு என்ன ஆயிற்று?" என்கிற மாதிரி விழிக்கிறான். பார்க்கிற நமக்கு அவன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போல இருக்கும். அவனுக்கு விஷயம் விளங்குவதற்குள் அவளுக்கு வேறிடத்தில் நிச்சயம் செய்துவிடுகிறார்கள். அவன் ஏங்கி மடிகிறான். கல்யாண ஊர்வலம் அவன் சமாதி வழியாகப் போகிறது. புயல் அடிக்கிறது, சமாதி பிளக்கிறது, மணப்பெண் உள்ளே பாய்கிறாள். இருவரும் வண்ணத்துப்பூச்சிகளாகப் பறந்து போகிறார்கள்.

யிங்டாயாக நடித்தவர் பெட்டி லோ டி. காதலன் லியாங்காக நடித்தவர் லிங் போ. அவரும் பெண்தான்! சீன இசை நாடகங்களில் பெண்கள் ஆண் வேஷம் கட்டுவது பழைய சம்பிரதாயம். தைவானில் இந்தப் படத்துக்குப் பிடித்த பைத்தியத்தைச் சொல்லி முடியாது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். அதே வருஷம் லிங் போ தைப்பே நகரத்துக்கு வந்தபோது அவரைக் காணத் தெருவெல்லாம் ஜனக்கூட்டம். தைவானின் 'தங்கக் குதிரை' விருதுகளில் பெட்டி லோ டி சிறந்த நடிகை. லிங் போவுக்கு எதைக் கொடுப்பது? நடிகர் விருதா, நடிகை விருதா? கடைசியில் அவருக்கென்று ஒரு விசேஷ விருதே கொடுத்துவிட்டார்கள்.

திரைக்கு வெளியே கதை அவ்வளவு இனிப்பாக இல்லை. அந்தக் காலத்தின் மிகப் பெரிய நக்ஷத்திரமான லிண்டா லின் டாய் 1964-இல் 29 வயதில் அகால மரணம் அடைந்தார். பெட்டி லோ டியும் 1968-இல் 31 வயதில் போய்விட்டார். வெளிச்சம் அதிகம் விழுந்த இடத்தில் நிழலும் அதிகம் விழுந்தது.

வண்ணத்துப்பூச்சி வாளெடுத்தது

'தி லவ் இடர்ன்' படத்தில் லீ ஹான்-ஸியாங்குக்கு உதவி டைரக்டராக இருந்தவர் கிங் ஹூ. மூன்று வருஷம் கழித்து, 1966-இல், அவர் தாமே ஒரு படம் எடுத்தார். 'கம் டிரிங்க் வித் மீ' என்பது அதன் ஆங்கிலப் பெயர். காதல் படத்திலிருந்து சண்டைப் படத்துக்கு நேரே போட்ட பாலம் என்று இதைச் சொல்லலாம்.

கதாநாயகிக்குத் 'தங்கத் தகைவிலான்' என்று பட்டப்பெயர். தகைவிலான் என்பது சிட்டுப்போல விரைந்து பறக்கும் பறவை. அவளுடைய சகோதரனைக் கொள்ளையர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். மீட்டு வர ஆண் உடையில் தன்னந்தனியே ஒரு சத்திரத்துக்குள் நுழைகிறாள். சுற்றிலும் முரடர்கள். அவள் மது கேட்டு, அமைதியாக உட்காருகிறாள். ஒருவன் மெதுவாகச் சீண்டுகிறான். அவள் அசையவில்லை. இன்னொருவன் எதையோ எடுத்து வீசுகிறான். இருந்த இடத்திலிருந்தே அதைச் சமாளிக்கிறாள். வாள் உறையை விட்டு வருவதற்கு முன்னாலேயே அந்த அறையில் யார் பெரியவர் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. சண்டையைவிடச் சண்டைக்கு முந்தின மௌனம் இத்தனை ருசிக்கும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

அந்த வேஷத்தைப் போட்டவர் செங் பெய்-பெய். ஷாங்காயில் 1946-இல் பிறந்தவர். அப்போது இருபது வயதுகூட நிரம்பாத பெண். சண்டை கற்றவர் அல்ல. பாலே நாட்டியம் கற்றவர். கிங் ஹூவுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். சண்டையை நாட்டியமாகத்தான் நினைக்கிறேன் என்பது அவர் கொள்கை. சண்டைக் காட்சிகளை அமைத்த ஹான் யிங்-சியே பீக்கிங் இசை நாடகத்தில் தேறியவர். அந்த நாடகத்தில் போர்வீராங்கனைக்கு என்றே 'வூ-டான்' என்று தனி வேஷம் உண்டு. அதற்குத் தாளம் தப்பாத அடவுகள் உண்டு. தாளத்துக்கு நிற்பதும், தாளத்துக்குப் பாய்வதும், திரும்பிய கணத்தில் சிலைபோல நிற்பதும் அங்கேயிருந்து வந்தவை. தாண்டுவதும் பறப்பதும் எப்படி என்று கேட்பீர்கள். காமிராவுக்குத் தெரியாமல் கீழே வைத்த துள்ளுமெத்தையும், துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்த எடிட்டிங்கும் செய்த மாயம்தான் அது.

காதல் எங்கே என்கிறீர்களா? ஊர்ப் பிள்ளைகளோடு பாடித் திரியும் ஒரு குடிகாரன் வருகிறான். உண்மையில் அவன் பெரிய வித்வான். தகைவிலானுக்கு விஷ அம்பு பட்டபோது அவன்தான் காப்பாற்றுகிறான். இருவரும் காதலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசாமலே நமக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். படத்தின் பிற்பகுதியில் கதை மெதுவாக அவள் கையை விட்டு அவன் கைக்குப் போய்விடுகிறது. அவனுடைய குரு, அவனுடைய பங்காளிச் சண்டை என்று திரும்பிவிடுகிறது.

அதே காலத்தில் ஹாங்காங்கின் ஆலைகளில் பிளாஸ்டிக் பூ செய்யவும் துணி தைக்கவும் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலைக்குப் போனார்கள். முதல் தடவையாகத் தங்கள் சம்பளம், தங்கள் டிக்கெட். அவர்கள் கொண்டாடியவர் கான்டனீஸ் மொழிப் படங்களின் கோனி சான். வாள் எடுப்பார், ஆண் வேஷம் போடுவார், துப்பறிவார். 1965-இல் வந்த 'கறுப்பு ரோஜா'வில் பகலில் சீமாட்டிகளாக இருக்கும் அக்காளும் தங்கையும் இரவில் பணக்காரர் வீட்டில் திருடி ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள். பகலெல்லாம் யந்திரத்தின் முன் குனிந்திருந்த பெண்களுக்கு, இரவில் கூரைமேல் ஓடும் அந்தப் பெண்ணைப் பார்க்க எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்!

பாதி எரிந்த புத்தகம்

இனி அந்த முடிச்சை அவிழ்க்கும் நேரம்.

1967-இல் டைரக்டர் சாங் செ 'ஒற்றைக் கை வாள்வீரன்' என்ற படத்தை எடுத்தார். ஹாங்காங்கில் மட்டுமே பத்து லட்சம் டாலருக்கு மேல் வசூலித்த படம். குருவின் மகள் பொறாமையும் கோபமுமாக வீரனின் வலது கையை வெட்டிவிடுகிறாள். ஜிம்மி வாங் யூதான் அந்த வீரன். பாலத்திலிருந்து தன் படகில் விழுந்தவனை ஸியாமான் என்ற ஏழைப் பெண் எடுத்து வந்து காப்பாற்றுகிறாள். அவளுடைய தகப்பன் வாள்வித்தையாலேயே உயிரை விட்டவன். அதனால் அவளுக்கு வாள் என்றாலே வெறுப்பு. அவளிடம் தகப்பன் விட்டுப் போன ஒரு வித்தைப் புத்தகம் இருக்கிறது. பாதி எரிந்து போனது. எரியாமல் மிஞ்சியது இடது கை வித்தை! தன் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அதை அவனிடம் கொடுக்கிறாள். அவன் கற்றுத் தேறி உலகத்தை ஜெயிக்கிறான்; கடைசியில் வாளை விட்டு அவளோடு உழவுக்குப் போகிறான்.

உருக்கமான கதைதான். நானும் உருகினேன். ஆனாலும் ஒரு கேள்வி முள்ளாகக் குத்துகிறது. புத்தகம் அவள் வீட்டுச் சொத்து. பல வருஷம் அவள் பெட்டியில் இருந்தது. அதை அவள் ஏன் படிக்கவில்லை? கதை எழுதியவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

அதற்கு அடுத்த வருஷம், 1968-இல், அதே சாங் செ நம் செங் பெய்-பெய்யின் பழைய பாத்திரத்தை வைத்து 'தங்கத் தகைவிலான்' என்றே ஒரு படம் எடுத்தார். அதில் ஜிம்மி வாங் யூவின் பாத்திரம் காணாமல் போன அவளை வெளியே வரவழைப்பதற்காக, கொன்ற இடமெல்லாம் அவளுடைய அடையாளத்தை விட்டுவிட்டுப் போகிறது. கொலை அவனுடையது, பழி அவளுடையது. படத்துக்கும் பெயர் அவளுடையது, கதை அவனுடையது.

காற்று திரும்பிவிட்டது. 1970-களில் புரூஸ் லீ வந்தார். 1973-இல் மறைவதற்குள் உலகத்தையே தம் பக்கம் திருப்பிவிட்டார். ஆண்களின் தோளும் முஷ்டியும் திரையை நிறைத்தன. செங் பெய்-பெய் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்கா போய்விட்டார்.

கிங் ஹூ மட்டும் தைவானுக்குப் போய்த் தம் வழியிலேயே நின்றார். அவருடைய 'எ டச் ஆஃப் ஸென்' 1971-இல் முடிந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம். சூ ஃபெங் நடித்த வீராங்கனை, சாதுவான ஒரு பண்டிதனுக்குப் பிள்ளை பெற்று, அந்தக் குழந்தையை அவனிடமே ஒப்படைத்துவிட்டு மடத்துக்குப் போய்விடுகிறாள். தாயார் குழந்தையை விட்டுப் போவதா என்று நமக்குச் சுருக்கென்கிறது. ஆண் துறவு பூண்டால் காலில் விழுகிற உலகம், பெண் பூண்டால் திகைக்கிறது. கிங் ஹூ தீர்ப்புச் சொல்லவில்லை. திகைப்பை நம்மிடமே விட்டுவிடுகிறார். 1975-இல் கான் பட விழாவில் இந்தப் படத்துக்குத் தொழில்நுட்பத்துக்கான பெரிய பரிசு கிடைத்தது. நடித்த சூ ஃபெங் பிற்பாடு தயாரிப்பாளராகி, 1993-இல் 'ஃபேர்வெல் மை காங்குபைன்' படத்தின் மூலம் கான் விழாவின் தங்கப் பனை விருதையே கொண்டுவந்தார்.

ஈப்போவிலிருந்து ஒரு பெண்

நம்மவர்கள் பலர் வாழும் மலேசியாவின் ஈப்போ நகரில் 1962-இல் பிறந்தவர் மிஷெல் யோ. அவரும் பாலே கற்றவர். லண்டன் வரை போய்ப் படித்தார். முதுகில் அடிபட்டதால் நாட்டியக் கனவு கலைந்தது. 1985-இல் 'யெஸ், மேடம்' என்ற படத்தில் போலீஸ் அதிகாரியாக வந்து ஆண்களை நொறுக்கித் தள்ளினார். சண்டை அவருக்குத் தெரியாது. நாட்டியம் கற்ற உடம்பு அதைப் பிடித்துக்கொண்டது.

1988-இல் கல்யாணம், உடனே நடிப்புக்கு முழுக்கு. 1992-இல் மணவாழ்க்கை முறிந்தது. "முப்பது வயதில் இனி இவளால் என்ன முடியும்?" என்று கேட்கிற உலகம்தானே? அதே வருஷம் ஜாக்கி சானோடு 'போலீஸ் ஸ்டோரி' மூன்றாம் பாகத்தில் வந்தார். அந்தப் படத்துக்காகத்தான் மோட்டார் சைக்கிளே ஓட்டக் கற்றார். கற்ற கையோடு, ஓடுகிற ரயிலின்மேல் மோட்டார் சைக்கிளோடு தாமே பாய்ந்தார்! டூப் கிடையாது. விளம்பரத்துக்காக இதைச் சொல்லவில்லை. அடுப்பங்கரையோடு கதை முடிந்தது என்று நினைக்கிற சகோதரி யாராவது இதைப் படித்தால் பிரயோஜனப்படட்டும் என்று சொல்கிறேன். 2023-இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருது அவர் கைக்கு வந்தபோது அவருக்கு வயது 60.

நரியின் துக்கம்

இந்த நூல்கள் எல்லாம் ஒரே ஊசியில் கோக்கப்பட்டது 2000-ஆம் வருஷத்தில். தைவானில் பிறந்த ஆங் லீ எடுத்த 'கிரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' அது. சிறு பிள்ளையாக 'தி லவ் இடர்ன்' பார்த்து உருகியதைச் சொன்னவர் அவர். படத்தின் மூலக்கதை வாங் டூலூ எழுதிய தொடர்கதை. நான்கு ஆஸ்கார் விருதுகளை வாங்கிய படம்.

மூன்று பெண்கள். மூவராக நடித்தவர்களும் நாட்டியம் பயின்றவர்கள்.

மூத்தவள் ஷூ லியன், மிஷெல் யோ. அவளுக்கு நிச்சயம் செய்யப்பட்டவன் இறந்துவிட்டான். அவனுடைய உற்ற நண்பன் லீ மூ பாய், சௌ யுன்-ஃபாட். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். இறந்தவனுக்குத் துரோகமாகுமோ என்று வருஷக்கணக்காக வாய் திறக்கவில்லை. எத்தனை எதிரிகளை எதிர்த்தவள்! ஒரு வாக்கியம் சொல்லத் தைரியம் வரவில்லை. படப்பிடிப்பில் மிஷெல் யோவின் முழங்கால் தசைநார் அறுந்து, சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்து நடித்தார். மாண்டரின் மொழி தெரியாமல், ஒவ்வொரு வசனத்தையும் ஒலியாகவே மனப்பாடம் செய்தார்.

இளையவள் ஜென், ஜாங் ஸியி. பெரிய உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இரவில் முகமூடி போட்டுக் கூரைகளின்மேல் ஓடுகிறாள். மூங்கில் உச்சியில் நின்று அவளும் மூ பாயும் போடும் சண்டையைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். கம்பியில் தொங்கவிட்டு எடுத்து, கம்ப்யூட்டரில் கம்பியை அழித்த காட்சி அது. அமைத்தவர் யுவென் வூ-பிங்.

மூன்றாமவள் ஜென்னின் குரு, 'பச்சை நரி' என்கிற கொடியவள். யார் நடித்தது தெரியுமா? செங் பெய்-பெய். சத்திரத்தில் மௌனமாக மது அருந்திய அதே பெண், 34 வருஷத்துக்குப் பிறகு!

இந்த நரி மூ பாயின் குருவைக் கொன்றவள். ஏன் கொன்றாள்? அவர் அவளைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார், ஆனால் பெண் என்பதால் வித்தையை மட்டும் கற்பிக்கவில்லை. கொன்றுவிட்டு வித்தை ஏட்டைத் திருடி வந்தாள். வந்து என்ன? ஏட்டின் எழுத்து அவளுக்குச் சரியாகப் படிக்கத் தெரியாது. படங்களைப் பார்த்துப் பார்த்தே பழகினாள். கூட இருந்த சிறு பெண் ஜென்னுக்குப் படிக்கத் தெரியும். அவள் எழுத்தைப் படித்து, குருவுக்குத் தெரியாத வித்தையெல்லாம் கற்று, அதைக் குருவிடமிருந்தே மறைத்து வைத்தாள்.

சகோதரிகளே, இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கொலைகாரியை மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் இரவு முழுவதும் விளக்கின் முன் உட்கார்ந்து, படிக்கத் தெரியாத ஏட்டைப் புரட்டிப் புரட்டிப் படத்தை மட்டும் பார்த்த அந்தப் பெண்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். யிங்டாய் ஆண் வேஷம் போட்டது பாடசாலைக்குப் போக. ஸியாமான் தன் வீட்டுப் புத்தகத்தைத் தான் படிக்காமல் காதலனுக்குக் கொடுத்தாள். நரி திருடினாள், படிக்க முடியவில்லை. ஜென்தான் முதன்முதலில் படித்தவள். அவளும் ஒளிந்து படித்தவள். இந்தப் படங்களில் பெண்ணின் கையில் வாளைச் சுலபமாகவே கொடுத்துவிடுகிறார்கள். ஏட்டைக் கொடுப்பதற்குத்தான் இத்தனை தயக்கம். வாள் ஒரு நாள் சண்டையை ஜெயிக்கும். ஏடு கையில் இருந்தால் தன் வழியைத் தானே தீர்மானிக்கலாம். அதனால்தான் தயக்கம் என்று நினைக்கிறேன்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: கண்ணீர் வேண்டுமானால் 'தி லவ் இடர்ன்'. கம்பீரம் வேண்டுமானால் 'கம் டிரிங்க் வித் மீ'. பொறுமையும் ஓய்வும் உள்ள நாளில் 'எ டச் ஆஃப் ஸென்'. வயது வந்த மகளோடு சேர்ந்து பார்ப்பதானால் ஆங் லீயின் படம்.

அந்தக் கடைசிப் படத்தின் முடிவை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். நரியின் விஷ ஊசி பட்டு மூ பாய் இறந்துவிடுகிறான். அத்தனை வருஷம் சொல்லாத காதலைக் கடைசி மூச்சில்தான் சொல்கிறான். இந்த வினைக்கெல்லாம் காரணமான ஜென் எதிரே நிற்கிறாள். ஷூ லியன் வாளை ஓங்கி அவள் கழுத்தருகே கொண்டுபோகிறாள். ஒரே வீச்சு போதும். வீசவில்லை. வாளைத் தாழ்த்துகிறாள். நீ எந்த வழியில் போனாலும் உன் மனத்துக்கு உண்மையாக இரு என்று மட்டும் சொல்லி, அவளை அனுப்பிவிடுகிறாள்.

தான் வாழாத வாழ்வை இளையவளாவது வாழட்டும் என்று நினைத்த கை அது. நம் வீடுகளிலும் அப்படிப்பட்ட கைகள் உண்டு. தனக்கு எட்டாத பள்ளிக்கூடத்துக்குத் தன் பெண்ணைத் தலை வாரி அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் கைகள். அவற்றில் வாள் இல்லை; அவ்வளவுதான் வித்தியாசம்.